முரண்டு பிடிக்கும் குழந்தையும் பெற்றோர் பெறும் பயிற்சியும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் காஞ்சிபுரம் வட்டாரத்துப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு இருப்புச் சரிபார்ப்பின் பொருட்டுச் சென்றிருந்தேன். தரப் பரிசோதனையில் தள்ளப்பட்ட சேலைகளின் பதிவேட்டைப் புரட்டுகையில், ஓர் அங்கத்தினரின் பெயருக்கு எதிரே "பாவு சேதம், கூலியில் பிடித்தம்" என்ற குறிப்பு ஒரே காலாண்டில் இருமுறை காணப்பட்டது. அவரோ இருபது ஆண்டுகளாகப் பழுதின்றி நெய்து கொடுத்து வருபவர். காரணம் அறிய வேண்டி அவர் இல்லத்திற்கே போனேன். குழித்தறியில் பாவின் ஓர் ஓரம் அறுபட்டு முடிச்சு முடிச்சாக நின்றது. சுவரோரத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அசையாது உட்கார்ந்திருந்தான். அவனுடைய முன்கையில் விரற்கடை அகலத்திற்கு ஒரு தடிப்புத் தெரிந்தது.

"விசிறிக் காம்பால் அடித்தேன் ஐயா. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் எழுபது எண்பது இழையை வெட்டிவிட்டான். இழை இழையாக எடுத்து முடிந்து சேர்க்க இரண்டு நாள் போயிற்று. எவ்வளவு அடித்தாலும் மறுபடியும் தறிக்குத்தான் வருகிறான்" என்றார் தந்தை. அடித்ததை அவர் மறைக்கவில்லை. பெருமையாகவும் சொல்லவில்லை. தாயார் தலை குனிந்து, "பேசாமல் இருக்கட்டும் என்றுதான் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறேன், வாங்கினால் அலறுகிறான்" என்றார்.

கூட்டுறவு ஏட்டில் குழந்தை வளர்ப்புக்கு என்ன இடம் என்று எவரேனும் வினவினால், அந்தப் பதிவேட்டின் இரண்டு வரிகளையே விடையாகக் காட்டுவேன். நம் சங்கங்களின் உற்பத்திக் கூடம் அங்கத்தினரின் வீட்டுக்குள் இருக்கிறது. தறிக்கும் தொட்டிலுக்கும் இடையே நான்கு முழ தூரந்தான். பயிர் செய்வோர் வீட்டிலும் அவ்வாறே. உரமூட்டையும் மருந்துப் புட்டியும் மண்வெட்டியும் குழந்தை தவழும் தாழ்வாரத்தில்தான் கிடக்கின்றன. அன்றியும், அங்கத்தினர் கல்வி என்பது கடன் விதிகளை ஒப்பித்தல் மட்டுமன்று. 1844-ஆம் ஆண்டில் ராச்டேல் நகரில் கடை திறந்த முன்னோடிகள், பின்னர்த் தம் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்கினர். அவர்களுடைய படிப்பகத்தில் கணக்கு நூல் மட்டுமா இருந்தது?

அடியின் வரவு செலவு

"அடியாத மாடு படியாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. அதை மாட்டுக்குச் சொன்னார்களேயன்றிப் பிள்ளைக்குச் சொல்லவில்லை என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதிட்டதுண்டு. மாட்டுக்கே அது பொருந்துமா என்பது வண்டி ஓட்டுவோரைக் கேட்க வேண்டிய கேள்வி. பிள்ளையைப் பொறுத்தவரையில் கணக்குப் பார்த்தே முடிவு செய்யலாம்.

நடுவண் அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வறிக்கை, நம் நாட்டுக் குழந்தைகளில் மூன்றில் இருவர் அடி உதைக்கு ஆளாவதாகக் கூறிற்று. குடும்பத்திற்குள் அடிபட்டோரை எடுத்துக்கொண்டால், மிகப் பெரும்பாலோரை அடித்தவர் பெற்றோரே. அடியினால் குழந்தை திருந்துமாயின் நம் நாட்டில் முரண்டு பிடிக்கும் குழந்தையே இருத்தல் ஆகாது. ஐம்பது ஆண்டுக் கால ஆராய்ச்சிகளைத் தொகுத்து, 1,60,000 குழந்தைகளுக்கு மேற்பட்டோரைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த கட்டுரையும் இதையே காட்டுகிறது. அடி மிகுந்த இடத்தில் கீழ்ப்படிதல் மிகவில்லை. எதிர்ப்பும் மூர்க்கமுமே மிகுந்து காணப்பட்டன. பள்ளிக்கூடத்தில் பிரம்புக்கு இடமில்லை என்று 2003-ஆம் ஆண்டில் தமிழக அரசு கல்வி விதிகளைத் திருத்தியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதை நாடு முழுமைக்கும் ஆக்கிற்று. வீட்டுக்குள்ளும் அடிக்கலாகாது என்று உலகிலேயே முதன்முதலாகச் சட்டம் செய்த நாடு சுவீடன், ஆண்டு 1979.

அடி பயனற்றது என்றால், பெற்றோர் ஏன் அதை விடுவதில்லை? அவர்கள் கொடியவர்கள் என்பதனாலன்று. இதனை விளக்கியவர் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், யூஜீன் என்னும் நகரில் பணி புரிந்த ஜெரால்டு பேட்டர்சன் என்பார். அவரும் அவருடைய குழுவினரும் 1960-களிலிருந்து குடும்பங்களின் வீட்டுக்கே சென்று, ஓரமாக உட்கார்ந்து, தாய் என்ன சொன்னாள், பிள்ளை என்ன செய்தது, அடுத்த நொடியில் தாய் என்ன செய்தாள் என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே வந்தனர். இலட்சியத் தாயைப் பற்றி எழுதாமல் இருக்கின்ற தாயைப் பற்றி எழுதினார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1982-ல் அவர் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

அவர் கண்டதை நம் வீட்டுக் காட்சியாகவே சொல்லுகிறேன். பிள்ளை மிட்டாய் கேட்கிறது. தாய் இல்லை என்கிறாள். பிள்ளை அழுகிறது. தாய் அதட்டுகிறாள். பிள்ளை தரையில் புரண்டு அலறுகிறது. அண்டை வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள். "இந்தா, தொலை" என்று மிட்டாய் வருகிறது. இங்கே பிள்ளைக்கு இலாபம் மிட்டாய். தாய்க்கு இலாபம் அமைதி. இரட்டைப் பதிவு முறையில் இரு பக்கமும் வரவாகவே விழுகின்ற விந்தைக் கணக்கு இது. ஆதலால் இருவருமே நாளைக்கும் இதையே செய்வார்கள். பிள்ளை கற்ற பாடம், மெல்ல அழுதால் கிடைக்காது, புரண்டு அலறினால் கிடைக்கும் என்பது. தந்தை ஓங்கி அடித்து அடக்கினாலோ, அந்த நொடி அமைதி கிடைத்துவிடுவதால் அடிப்பதை அவர் கற்றுக்கொள்ளுகிறார். நாளைக்கு இன்னும் சற்று ஓங்கி அடித்தால்தான் அதே அமைதி கிடைக்கிறது. குழந்தைக்கு நாம் பாடம் சொல்லுவதாக நினைத்திருக்கையில், குழந்தை நமக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நெசவாளர் வீட்டுக் கணக்கும் இதுவே. அந்தச் சிறுவன் சுவரோரம் சும்மா விளையாடுகையில் எவரும் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை; தந்தை கண் பாவில், தாய் கண் தார் சுற்றும் இராட்டையில். அவன் தறியில் கை வைத்த கணமே இருவரும் வேலையை நிறுத்திவிட்டு அவனை நோக்குகிறார்கள். அடியாகவே இருந்தாலும் அது அவனுக்குக் கிடைக்கின்ற ஒரே கவனம்.

காதருகே சொல்லிக் கொடுக்கும் பாடம்

நோய் இன்னது என்று தெரிந்தபின் மருந்து என்ன? பெற்றோருக்குப் புத்திமதி கூறுதல் மருந்தன்று. "பொறுமையாக இருங்கள்" என்ற சொற்பொழிவைக் கேட்டுப் பொறுமை பெற்றவர் எவரும் இல்லை. நெசவை எவரேனும் சொற்பொழிவு கேட்டுக் கற்றதுண்டா? நாடா எறியும் கையைப் பக்கத்தில் நின்று திருத்தித்தான் கற்பிக்கிறோம். பெற்றோர் பயிற்சியும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்று கண்டவர்கள், அதே ஒரிகன் மாநிலத்தில் பணியாற்றிய கான்ஸ்டன்ஸ் ஹான்ப் என்ற அம்மையாரும், அவர் வழியில் 1970-களில் ஒரு முறையை வகுத்த ஷீலா ஐபெர்க் என்ற அம்மையாரும் ஆவர். தாயும் பிள்ளையும் ஓர் அறையில் விளையாடுவர். பயிற்றுநர் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்ப்பார். தாயின் காதில் சிறு ஒலிக்கருவி பொருத்தப்பட்டிருக்கும். "இப்போது அவன் செய்வதைச் சொல்லுங்கள்", "இதைப் பாராட்டலாம்", "கேள்வி கேட்க வேண்டா" என்று பயிற்றுநர் அவ்வப்போதே சொல்லச் சொல்ல, தாய் செய்து பழகுவாள். இரண்டு வயது முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கானது இம்முறை.

நான் மயிலாப்பூரில் குடியிருப்பவன். அங்கே, அடையாற்றில் மாண்டிசோரிப் பயிற்சி பெற்றுப் பல்லாண்டு சிறு குழந்தைகளுக்குக் கற்பித்து, பின்னர்ப் பெற்றோர் பயிற்சியிலும் தேர்ந்த அம்மையார் ஒருவரை அறிவேன். அவரிடம் விசிறிக் காம்புச் செய்தியைச் சொன்னேன். "கண்ணாடியும் வேண்டா, காதுக் கருவியும் வேண்டா, என்னை அந்த வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்றார். சங்கத் தலைவரின் ஒப்புதலோடு, புரட்டாசியில் தொடங்கி வாரம் ஒருமுறையாகப் பத்து வாரம் அவர் வந்தார். தாயின் பின்னால் பாயில் உட்கார்ந்து, காதோடு காதாகச் சொல்லிக் கொடுத்தார். தறியோசையில் சிறுவனுக்கு அது கேட்கவில்லை.

முதற் பாதி முழுவதும் விளையாட்டே. நாள்தோறும் ஐந்து நிமிடம் தாய், ஐந்து நிமிடம் தந்தை. தறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை மாடத்தில் வைத்துவிட்டு, பிள்ளை எதை விளையாடுகிறானோ அதையே உடனிருந்து விளையாட வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் கட்டளை இடலாகாது, குற்றம் கூறலாகாது, கேள்வியும் கேட்கலாகாது. கேள்வி ஏன் கூடாது என்று தந்தை கேட்டார். "அது என்ன? ஏன் அப்படி வைத்தாய்? என்ன நிறம் இது?" என்பவை நமக்கு அன்புப் பேச்சாகத் தோன்றினாலும் பிள்ளைக்குப் பரீட்சை என்று விளக்கினார் அம்மையார். பின் என்னதான் பேசுவது? அவன் செய்வதை அப்படியே சொல்லுவது: "சிவப்புக் கட்டையை மேலே வைக்கிறாய்." அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லுவது. பாராட்டும்போது இன்னதற்கு என்று பெயரிட்டுப் பாராட்டுவது: "நல்ல பிள்ளை" என்று பொதுவாகக் கூறாமல், "தறிப் பக்கம் போகாமல் பாயிலேயே உட்கார்ந்து விளையாடுகிறாயே, எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது" என்பது.

ஐபெர்க் அம்மையாரின் முறையில் இதற்கு ஓர் அளவுகோலே உண்டு. ஐந்து நிமிடத்தில் பெயரிட்ட பாராட்டு பத்து, பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லுதல் பத்து, செய்வதை எடுத்துரைத்தல் பத்து. கேள்வி, கட்டளை, குற்றம் மூன்றும் சேர்ந்து மூன்றுக்குக் குறைவு. எளிதென்று நினைப்போர் இன்றிரவே முயன்று பார்க்கலாம். என் வீட்டில் நானும் முயன்றேன். முதல் நாள் என் மகளிடம் ஐந்து நிமிடத்தில் பதினெட்டுக் கேள்வி கேட்டேன் என்று என் மனைவி எண்ணிக் கூறினாள். ஆய்வாளர் வேலையின் தோஷம்!

நம் நெசவாளர் தந்தைக்கு முதலிரண்டு வாரம் நாவே எழவில்லை. பிள்ளையைப் பாராட்டினால் கண்ணேறு படும் என்று வளர்ந்த தலைமுறை அது. மூன்றாவது வாரத்தில் பையன் நூற்கண்டுகளை நிறவாரியாக அடுக்குவதைப் பார்த்து, "அரக்கு எல்லாம் ஒரு பக்கம் சேர்த்துவிட்டாயே!" என்று தம்மையறியாமல் சொன்னார். பையன் நிமிர்ந்து தகப்பனாரைப் பார்த்த பார்வை இன்னும் என் நினைவில் உள்ளது.

கட்டளை இடுவதற்கும் முறை உண்டு

பிற்பாதியில்தான் கட்டளைப் பாடம் வந்தது. முதற் பாதி இல்லாமல் பிற்பாதிக்குப் போகலாகாது என்பதில் அம்மையார் கண்டிப்பாக இருந்தார். பங்குத் தொகை செலுத்தாதவன் கடன் கேட்கலாமோ?

நம் வீடுகளில் இடப்படும் கட்டளைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். "ஒழுங்காக இரு." ஒழுங்கு என்பது யாது என்று நான்கு வயதுக்குத் தெரியாது. "ஏண்டா இப்படிச் செய்கிறாய்?" இது கட்டளையே அன்று. "அங்கே போகாதே, அதைத் தொடாதே, ஓடாதே." எதைச் செய்யலாம் என்பது இதில் இல்லை. "பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான், சாமி கண்ணைக் குத்தும்." பூச்சாண்டி ஒருநாளும் வந்ததில்லை என்பதைக் குழந்தை சீக்கிரமே கண்டுகொள்ளும், அதன்பின் நம் சொல் செல்லாக் காசு.

நல்ல கட்டளை ஒன்றே ஒன்றாக, செய்யத்தக்கதாக, அமைதியான குரலில், அருகே சென்று கண்ணைப் பார்த்துச் சொல்லப்படுவதாக இருத்தல் வேண்டும். "கத்தரிக்கோலை என் கையில் கொடு." சொல்லிவிட்டு ஐந்து எண்ணும் நேரம் வாய் பேசாமல் காத்திருத்தல் வேண்டும். கொடுத்தால் உடனே பாராட்டு. கொடாவிட்டால் ஒரே ஒரு முன்னறிவிப்பு: "கொடுக்காவிட்டால் மணையில் உட்கார வேண்டியிருக்கும்." அதன் பின்னும் கொடாவிட்டால், கோபமின்றி, பேச்சின்றி, மணையில் மூன்று நிமிடம். இருட்டறையில் அடைப்பதும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதும் இதன்பாற் படா. அவை அடியின் தம்பிகள். மணை தாயின் கண்முன்னே இருக்க வேண்டும். மூன்று நிமிடம் முடிந்ததும் முதற் கட்டளையை மீண்டும் சொல்லி நிறைவேற்றச் செய்ய வேண்டும். அது முடிந்ததும் கணக்குத் தீர்ந்தது; இரவு சோறூட்டும்போது பழைய பாக்கியை எடுத்து வாசிக்கலாகாது.

ஆபத்தில்லாத சிறு சிணுங்கலையும் அடத்தையும் காணாதது போல் இருந்துவிடுவது மற்றொரு பாடம். இங்கேதான் பலர் இடறி விழுகின்றனர். காணாதிருக்கத் தொடங்கிய முதற் சில நாட்களில் அழுகை குறையாது, மிகும். அணையப் போகும் விளக்கு சுடர்விட்டு எரிவது போன்றது அது. "இந்த முறை பலிக்கவில்லை" என்று மூன்றாம் நாள் மிட்டாயைக் கொடுத்துவிடுகிற தாய், இதுவரை அலறியதைவிட இரு மடங்கு அலற வேண்டும் என்று கற்பித்தவளாகிறாள். ஒரு நாள் கொடுத்து ஒரு நாள் மறுப்பது எல்லாவற்றிலும் கேடானது. 2003-ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் தடை செய்யப்படும் வரை லாட்டரிச் சீட்டு எத்தனை நெசவாளர் கூலியைக் குடித்தது என்பதை மூத்த அங்கத்தினர்கள் அறிவர். தினமும் பரிசு கிடைத்திருந்தாலும் ஒருநாளும் கிடைக்காமலே இருந்திருந்தாலும் அவ்வளவு பேர் அதில் அடிமைப்பட்டிருக்கமாட்டார்கள். எப்போதாவது கிடைப்பதுதான் மனிதனை விடாமல் பிடித்துக்கொள்ளுகிறது. எப்போதாவது பலிக்கிற அழுகையும் அப்படியே. கடன் வசூலிலும் இந்த நியாயம் பொருந்துமென்பது என் அபிப்பிராயம். ஆனால் அது வேறு கட்டுரை.

பாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாய் மறுத்ததைக் கொல்லைப்புறத்தில் பாட்டி கொடுத்துவிடுவது நம் குடும்பங்களின் எழுதாத சட்டம். அந்த வீட்டிலும் தந்தையின் தாயார் இருந்தார். "பிள்ளையை அழவிட்டுப் பார்க்கிற கல்நெஞ்சுக்குப் படிப்பு வேறா?" என்று மூன்றாவது வாரத்தில் எழுந்து போய்விட்டார். அம்மையார் அவரிடம் வாதிடவில்லை. அடுத்த வாரம், "பெரியம்மா, அந்த ஐந்து நிமிட விளையாட்டை இன்று நீங்கள் நடத்துங்கள்" என்று அவரையே பாயில் உட்கார வைத்தார். கதை சொல்லுவதிலும் பாராட்டுவதிலும் அந்த மூதாட்டிக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. ஆனால் இனிப்பு கொடுக்கும் பழக்கம் முழுதும் நின்றது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஒரே சங்கத்தில் தலைவருக்கொரு துணைவிதி, செயலாளருக்கொரு துணைவிதி இருந்தால் என்ன ஆகுமோ, அதுதான் அங்கே அவ்வப்போது நடந்தது.

ரங்கநாதன் தெருவில்

தீபாவளிக்கு முன் அக்குடும்பம் சென்னைக்கு வந்தது. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் நெரிசலை அறியாதவர் இலர். அங்கே பொம்மை விற்பவர் சாவி கொடுத்து ஓடவிட்ட தவளையைக் கண்ட சிறுவன், வேண்டுமென்று நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டான். வீட்டில் கற்ற பாடமெல்லாம் தெருவில் செல்லுமா? அவ்வளவு கண்கள் பார்க்கும்போது காணாதிருப்பது எளிதன்று. நெரிசலில் பிள்ளையை விட்டு விலகுவதும் ஆபத்து. தாய் அவனைத் தூக்கிக்கொண்டு பனகல் பூங்காவுக்கு நடந்தாராம். வாங்கியும் கொடுக்கவில்லை, அடிக்கவும் இல்லை. புல்தரையில் உட்கார்ந்து, அவன் அழுது ஓயும் வரை பக்கத்தில் இருந்து, ஓய்ந்ததும் தண்ணீர் கொடுத்தாராம். "முக்கால் மணி நேரம் ஆயிற்று. நானும் அழுதுவிட்டேன்" என்று பின்னர் அம்மையாரிடம் சொன்னார்.

அம்மையாரின் மறுமொழி எனக்கு வியப்பளித்தது. "நீங்கள் செய்தது சரி. ஆனால் எத்தனை மணிக்குக் கடைக்குப் போனீர்கள்?" என்று கேட்டார். பகல் பன்னிரண்டுக்கு. பிள்ளை காலை ஐந்து மணிக்குப் பேருந்து ஏறியவன். சாப்பிட்டது இரண்டு இட்டலி. பசியும் உறக்கமும் சேர்ந்து கேட்ட தவளை அது. புறப்படுமுன் உணவூட்டி, "இன்று துணி மட்டும் வாங்குவோம், பொம்மை பார்க்கலாம், வாங்கமாட்டோம்" என்று முன்கூட்டியே சொல்லி, மூட்டையில் ஏதேனும் தூக்கி வரச் சொல்லி வேலையும் கொடுத்திருந்தால் பாதி அழுகை குறைந்திருக்கும் என்றார். தடுப்பணை கட்டுவது வெள்ளம் வந்த பிறகன்று.

வேலை கேட்கும் குழந்தை

வேலை கொடுத்தல் என்று அம்மையார் சொன்னது சாதாரணச் சொல்லன்று. அவர் பயின்ற மரபு அடையாற்றில் வேரூன்றியது. 1939-ஆம் ஆண்டு நவம்பரில் இத்தாலிய மேதை மரியா மாண்டிசோரி அம்மையார், பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவருடைய மனைவி ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று அடையாறு வந்தார். ஆல்காட் தோட்டத்தில் நடந்த முதற் பயிற்சி வகுப்புக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்து முந்நூறு பேரளவில் திரண்டனர். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு அவரை எதிரி நாட்டார் என்று கருதிச் சபையின் எல்லைக்குள் இருக்கச் செய்தது. அவருடைய மகன் மரியோவைச் சிறைகாவலில் வைத்தது. 1940 ஆகஸ்டில் அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளையொட்டி மகனை விடுவித்தனர். சில மாதங்களுக்கென வந்தவர் 1946 வரை நம் நாட்டிலேயே தங்கும்படி ஆயிற்று. அதனால் நமக்கு விளைந்த நன்மை பெரிது.

அவருடைய கொள்கைகளில் நமக்கு இங்கே வேண்டுவது ஒன்று. குறும்பு என்று நாம் பெயரிடுவது பெரும்பாலும் தடைப்பட்ட உழைப்பே என்பது அவர் கருத்து. குழந்தைக்குப் பெரியவர்கள் செய்வதைத் தானும் செய்ய வேண்டும். கைக்கு எட்டும் அளவில், உடையாமல், தன் வேகத்தில் செய்யக் கிடைத்தால் அதுவே மணிக்கணக்கில் அமைதியாக ஈடுபடும். கிடைக்காதபோது தடுத்தவர் மீதும் தடுத்த பொருள் மீதும் பாய்கிறது. தறிவீட்டுப் பையன் கத்தரிக்கோலை ஏன் எடுத்தான்? தந்தை நூலைக் கத்தரிப்பதைப் பார்த்து எடுத்தான். அவன் சேதம் செய்யவில்லை, நெசவு செய்தான். அம்மையார் அட்டைத் துண்டில் பல் வெட்டி, கழிவு நூலால் பாவு கட்டி, முனை மழுங்கிய கட்டை ஊசி ஒன்றையும் தந்தார். கத்தரிக்கோல் சுவரில் ஆளுயரத்து ஆணிக்குப் போயிற்று. மிக எளிய இந்த இரண்டாவது ஏற்பாட்டை எவரும் அதுவரை எண்ணாதது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகவே எழுதுகிறேன். விளையாட அட்டைத் தறி கொடுப்பது வேறு. தார் சுற்றவும் இழை எடுக்கவும் பிள்ளையை உட்கார வைப்பது வேறு. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் சிறுவர் சிறுமியர் கல்வியிழந்து உழைத்த காலத்தை நம் பகுதி மறந்துவிடலாகாது. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2016-ஆம் ஆண்டுத் திருத்தமும் இருப்பது அதனால்தான். அலுத்துப் போனதும் எழுந்து ஓடப் பிள்ளைக்கு உரிமை இருக்கிறதா? இருந்தால் விளையாட்டு; இல்லையேல் வேலை.

கைப்பேசியைப் பற்றி நீட்டி எழுத வேண்டுவதில்லை. ஐந்து வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் திரை பார்க்கலாகாது. குறைவாயின் அதனினும் நன்று. ஒரு வயதுக்குட்பட்டோர் அறவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்தது. அந்த வீட்டில் அது நாளுக்கு ஐந்து மணி நேரமாக இருந்தது.

முரண்டு அல்லாதவை

எல்லா அடமும் அடமன்று. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைத் "திமிர்" என்று அடித்துக்கொண்டிருக்கையில், அதற்குக் காது கேளாமல் இருக்கக்கூடும். தறியோசை நிறைந்த வீட்டில் இது வெகுநாள் தெரியாமலே போகலாம். ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தை, பேசிக்கொண்டிருந்து திடீரெனப் பேச்சை இழந்த குழந்தை ஆகியோரை ஒத்திப் போடாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையும், 2005-ல் முட்டுக்காட்டில் அமைந்த பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் இதற்கென உள்ளன. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிக்கே வந்து பரிசோதிக்கும் குழுக்களும் உண்டு.

அத்தகைய குழந்தைகளின் பெற்றோருக்கும் மருந்து, பயிற்சியே. தியாகராய நகர் ஜி. என். செட்டி சாலையில் 1989-ல் தொடங்கப்பெற்ற மதுரம் நாராயணன் மையம் இதற்குச் சான்று. பிறந்த குழவி முதல் ஆறு வயது வரையுள்ள, அறிவு வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தைகளுக்கான "உபநயன்" என்னும் பயிற்சித் திட்டத்தை நடத்தும் அம்மையத்தில், பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் வீடு திரும்புவதில்லை. தாயும் உடனிருந்து கற்கிறாள். கற்றதை வீட்டில் தொடர்கிறாள். 1985-ல் தொடங்கப்பெற்று, கோட்டூர்புரத்தில் பணி புரியும் வித்யாசாகரும் பெற்றோரைக் கூட்டாளிகளாகக் கொண்டே இயங்குகிறது. பெற்றோருக்குக் கற்பிக்கப் பெரும் பட்டம் பெற்றவர்தாம் வேண்டும் என்பதுமில்லை. மதியிறுக்கம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்காகக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-ல் வெளிவந்த ஆய்வில், அறுபத்தைந்து குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரின் பெற்றோருக்கு, தக்க பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்களே கற்றுக் கொடுத்தனர். பெற்றோர் குழந்தையோடு இசைந்து பழகும் திறன் தெளிவாக உயர்ந்தது. நம் சங்கங்களின் அங்கத்தினர் கல்விக் கூட்டங்களை நடத்துவோர் இச்செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். பத்துத் தாய்மாரும் ஒரு பாயும் நாளுக்கு ஐந்து நிமிடமும் போதும்; செலவு, பயிற்றுநரின் பேருந்துக் கட்டணம்.

பத்தாவது வாரத்திற்குப் பின் நான் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றேன். பிள்ளை அடியோடு மாறிவிட்டான் என்று எழுத எனக்கு ஆசைதான். அன்று காலைகூட மணைக்கு ஒருமுறை போய் வந்தானாம். தந்தை மார்கழியில் ஒருநாள் மீண்டும் கை ஓங்கியதாகவும், ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டுத் தெருவுக்குப் போய் நின்றதாகவும் தாமே சொன்னார். கைப்பேசி ஐந்து மணியிலிருந்து ஒன்றரை மணிக்கு இறங்கியிருந்தது. அட்டைத் தறியில் அரக்கும் பச்சையுமாக நான்கு விரல் அகலத்திற்கு நெய்து வைத்திருந்தான், ஓரம் கோணல்.

பாவு சேதத்திற்கான பிடித்தத்தை ஒரே தவணையில் எடுக்க வேண்டா என்று நான் எழுதிய பரிந்துரையைச் சங்கத்தின் நிர்வாகக் குழு ஏற்று, மூன்று தவணையாக்கிற்று. கடைசித் தவணை தை மாதக் கூலியில் தீர்ந்தது. அக்காலாண்டுப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே குறிப்பு ஏதும் இல்லை.